நகக்கண்ணில் கத்தி பட்டால்: வாசகர் கேள்வி – பதில்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு தோல் மருத்துவப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை நகங்களைப் பற்றியவை. அழகு நிலையத்தில் மெனிக்கியூர் (கை நகப் பராமரிப்பு), பெடிக்கியூர் (கால் பராமரிப்பு) செய்துகொண்ட பிறகு வந்த வீக்கம், சீழ், அரிப்பு, அச்சம் ஆகியவற்றைப் பற்றி எழுதியவர்களில் சிலருக்கு இங்கே பதில் தருகிறோம். அவசரமாகத் தோன்றிய கடிதங்களுக்கு முன்பே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம் என்றாலும், அதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக அவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தம்பியின் திருமணத்துக்காக மெனிக்கியூர் செய்துகொண்டேன். நகத்தை ஒட்டியிருந்த தோலை வெட்டி எடுத்தபோது மோதிர விரலில் லேசாக இரத்தம் வந்தது. மூன்றாம் நாளான இன்று அந்த விரல் சிவந்து வீங்கி, இரவில் தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கிறது. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகிக்கொள்ளும்படி மாமியார் சொல்கிறார். கணவருக்கு முன்பு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சில மீதமிருக்கின்றன. அவற்றைச் சாப்பிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு வந்திருப்பது நகச்சுத்தி. நகம் தொடங்கும் இடமான நகக்கண்ணில் மெல்லிய விளிம்பாகப் படர்ந்திருக்கும் தோலை அழுக்கு என்றோ வேண்டாத சதை என்றோ நினைத்து வெட்டிவிடுகிறார்கள். உண்மையில் நகத்துக்கும் விரலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் தண்ணீரும் கிருமியும் புகாமல் அடைத்து நிற்பது அந்தத் தோல்தான். அதை வெட்டியதும் இடுக்கு திறந்துவிடுகிறது. நம் தோலின் மேலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கின்றன. நகத்துக்கு நிறம் பூசுவதால் இப்படி எதுவும் ஆவதில்லை. அழகு நிலையத்திலிருந்து என்னிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிக்கல் தொடங்கிய இடம் நகக்கண்ணில் கத்தி பட்ட இடம்தான்.

முதலில் அந்த விரலில் உள்ள மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிவப்பும் வலியும் மட்டும் இருந்து சீழ் கட்டாத நிலையில், பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் 10 முதல் 15 நிமிடங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை அமிழ்த்தி வைத்து, பிறகு ஈரம் போகத் துடைத்து, கையைச் சற்று உயர்த்தியே வைத்திருந்தால் பலருக்கு அதிலேயே அடங்கிவிடும். நக ஓரத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ் தெரிந்துவிட்டால் மருத்துவர் அதை வெளியேற்றியே ஆக வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்திலிருந்து தோலின் விளிம்பை மெல்லத் தூக்கிவிட்டால் சீழ் வெளியே வந்துவிடும். பெரும்பாலும் சதையை அறுக்கவேண்டிய தேவையே இருக்காது, வலியும் அன்றே பாதிக்கு மேல் குறைந்துவிடும். தேங்கிய சீழை மாத்திரையால் மட்டும் கரைக்க முடியாது. எனவே கணவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகள் வேண்டாம். அவை வேறு நோய்க்கு, வேறு அளவில் கொடுக்கப்பட்டவை. வீட்டில் ஊசியையோ ஊக்கையோ தீயில் காட்டிக் குத்துவதும் வேண்டாம்.

எலுமிச்சம்பழ வைத்தியத்தை நான் ஏளனம் செய்ய விரும்பவில்லை. பழத்தின் குளிர்ச்சி வலியைச் சற்று நேரம் மட்டுப்படுத்துவது உண்மைதான். ஆனால் வெட்டுப்பட்ட தோலில் அதன் புளிப்பு எரிச்சலை உண்டாக்குவதோடு, இரவு முழுவதும் சாற்றில் ஊறிய தோல் வெளுத்துத் தளர்ந்து கிருமி மேலும் பரவ இடம் கொடுக்கும். அதைவிட முக்கியமாக, பழத்துக்குள் மறைந்திருக்கும் விரலில் சீழ் கட்டுகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று நாட்கள் வீணாகக் கழிந்துவிடுகின்றன. மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

விரல் நுனியின் சதைப்பகுதி கல்லைப்போல் இறுகி வலித்தாலோ, விரலை மடக்க முடியாமல் போனாலோ, கையின் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சீழாக இல்லாமல், தெளிந்த நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தெரிந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால், சுத்தமற்ற கருவியால் ஏற்பட்ட காயத்துக்கு அதையும் போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பெடிக்கியூர் செய்தபோது கால் விரலில் வெட்டி இரத்தம் வந்தது. எனக்கு முன்னால் இருந்தவருக்குப் பயன்படுத்திய அதே கருவியைத் துண்டில் துடைத்துவிட்டு எனக்கும் பயன்படுத்தியதைப் பார்த்தேன். மூன்று வாரங்களாகிவிட்டன. எய்ட்ஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் சாப்பிடக்கூட முடியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: நீங்கள் பயப்படும் நோயைவிட நீங்கள் குறிப்பிடாத நோய்தான் இங்கே கவனிக்கத் தக்கது. எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்தில் விரைவில் வலுவிழந்துவிடும். நோயாளிக்குக் குத்திய ஊசி மருத்துவப் பணியாளர் ஒருவர் கையில் நேராகக் குத்திவிட்டால்கூட, தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. நக வெட்டுக் கருவியால் ஏற்படும் வாய்ப்பு அதைவிட மிக மிகக் குறைவு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் உலர்ந்து ஒட்டியிருக்கும் பரப்பிலும் அது குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். துண்டில் துடைத்ததால் அது போய்விடாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் கட்டணமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வதும், அத்துடன் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இரத்தம் கொடுப்பதும். அங்கே சொல்லும் விவரம் இரகசியமாகக் காக்கப்படும். இன்றைய முடிவு, சம்பவத்துக்கு முந்தைய உங்கள் நிலையைத்தான் பெரும்பாலும் காட்டும் என்பதால், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மறுபடி பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லையென்றால், பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த கையோடு முதல் தவணையைப் போட்டுக்கொண்டு, முதல் மாதமும் ஆறாம் மாதமும் மற்றவற்றை முடித்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இப்போது பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரைகளில் குணமாகிவிடுகிறது.

இதே போன்ற காயம் இனிமேல் ஏற்படுபவர்கள் மூன்று வாரம் காத்திருந்து கடிதம் எழுத வேண்டாம். காயத்தைப் பிதுக்காமல் ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதில் பலன் அதிகம், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று மருத்துவர் கருதினால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

கேள்வி: நீர் சுழலும் தொட்டியில் கால்களை ஊறவைத்து பெடிக்கியூர் செய்துகொண்ட சில வாரங்களுக்குப் பிறகு, இரண்டு முழங்கால்களுக்கும் கீழே சிறு கட்டிகள் வந்தன. சூட்டுக் கட்டி என்று நினைத்தேன். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் ஆறவில்லை. ஊதா நிறமாகிச் சிலவற்றில் நீர் வடிகிறது.
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. வாட்சன்வில் என்ற ஊரிலிருந்த ஒரு நக அழகு நிலையத்தின் வாடிக்கையாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, நீங்கள் சொல்வதைப் போலவே முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் வந்தன. சுகாதாரத் துறையினர் கால் ஊறவைக்கும் தொட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, தண்ணீரை உள்ளிழுக்கும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துகள்களும் சேர்ந்து அப்பிக் கிடந்தன. மேலே பளபளவென்று துடைக்கப்பட்டிருந்த தொட்டியின் உள்ளே அந்தக் கசடில் வளர்ந்திருந்தது மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூய்ட்டம் என்ற கிருமி. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான இது குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பது. குளோரினுக்கு எளிதில் சாகாதது. பெடிக்கியூருக்கு முன் கால் முடியை ரேசரால் மழித்துக்கொண்டவர்களுக்குத் தொற்று அதிகமாக வந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மழித்த தோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களே வாசலாகிவிட்டன.

இந்த வகைக் கட்டிகள் உடனே வருவதில்லை. வாரங்கள் கழித்தே தலைகாட்டுவதால் அழகு நிலையத்தையும் கட்டியையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. வழக்கமாகக் கட்டிக்குக் கொடுக்கும் மாத்திரைகளும், ஏன், வழக்கமான காசநோய் மருந்துகளும்கூட இதற்குச் சரிவரக் கேட்பதில்லை. உங்களுக்கு வந்திருப்பது இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தோல் மருத்துவரிடம் சென்று, தொட்டியில் கால் வைத்த தேதியையும் முதல் கட்டி வந்த தேதியையும் சொல்லி, கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து மைக்கோபாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதையும் அந்தச் சோதனையே சொல்லும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம், பாதியில் விட்டுவிடாதீர்கள். தழும்பு சில நாள் தங்கினாலும் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.

இனி பெடிக்கியூர் செய்வதாக இருந்தால், அதற்கு முந்தைய நாளும் அன்றும் கால் முடியை மழிக்காதீர்கள். கொசுக்கடியைச் சொறிந்த புண் இருந்தாலும் அந்த வாரம் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 63, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பித்தவெடிப்பு அதிகமாக இருக்கிறதே என்று பிறந்தநாள் பரிசாக அவரை பெடிக்கியூருக்கு அழைத்துச் சென்றேன். குதிகாலைப் பிளேடு போன்ற கருவியால் சீவினார்கள். வலியே இல்லை என்றார். நான்கு நாட்களுக்குப் பிறகு காலுறையில் ஈரம் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் புண் இருப்பதே தெரிந்தது.
– வாசகர், ஈரோடு

பதில்: வலி இல்லை என்று அவர் சொன்னதுதான் இதில் கவலைக்குரிய செய்தி. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு நரம்புகள் மரத்துப்போகின்றன; இரத்த ஓட்டமும் குறைந்துவிடுவதால் மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் ஆறக்கூடிய கீறல் இவர்களுக்குக் குழிப்புண்ணாகி எலும்பு வரை இறங்கிவிடக்கூடும். இந்த வார இறுதி வரைகூடக் காத்திருக்காமல், சர்க்கரை நோய் மருத்துவரிடமோ அறுவை சிகிச்சை மருத்துவரிடமோ புண்ணைக் காட்டிவிடுங்கள். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, பாதம் சிவந்து சூடானாலோ இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றி நடக்கக் கூடாது; நடந்துகொண்டே மருந்து போடுவதில் பயனில்லை.

குதிகாலைச் சீவும் அந்தக் கத்தியை அமெரிக்காவின் பல மாநிலங்களில் அழகு நிலையங்கள் பயன்படுத்தவே கூடாது. என்னைக் கேட்டால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அது வேண்டாம். தடித்த தோலைச் சீவச் சீவ, அது இன்னும் தடித்துத்தான் வளரும். தந்தையின் பித்தவெடிப்புக்கு, புண் ஆறிய பிறகு, யூரியா கலந்த களிம்பை இரவில் குதிகாலில் தடவி காலுறை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். விரல் இடுக்குகளில் அதைத் தடவ வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். காலை வெந்நீரில் ஊறவைப்பதும், கடையில் விற்கும் காலாணிப் பட்டைகளை ஒட்டுவதும் அவருக்கு ஆகாது. வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தரையில் வெறுங்காலோடு சுற்றிவந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன் என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன். நகத்தை ஓரங்களில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். அதைவிட நல்ல பரிசு அவருக்கு இருக்க முடியாது.

கேள்வி: செயற்கை நகம் ஒட்டும் பசை என் மகளின் பருத்திச் சுடிதார் மேல் கொட்டியது. சில விநாடிகளில் புகை வருவதுபோல் சூடாகி, தொடையில் கொப்புளம் வந்துவிட்டது. பசையால் தீக்காயம் ஏற்படுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஏற்படும். அந்தப் பசையிலுள்ள சயனோஅக்ரிலேட் பருத்தி இழையில் பரவும்போது மிக வேகமாக இறுகுகிறது. அந்த வேகத்தில் தோலைச் சுடும் அளவுக்கு வெப்பம் வெளிப்படுகிறது. இப்படிக் கொட்டினால் துணியோடு சேர்த்து உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுற்றிலும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேனா மை, பற்பசை, வெண்ணெய் எதையும் தடவக் கூடாது. விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டு இமைகள் ஒட்டினால் இழுக்காமல், தண்ணீரால் நனைத்தபடியே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜெல் நகப்பூச்சு போட்டுக்கொள்ளத் தொடங்கி ஓராண்டாகிறது. இப்போது நகத்தைச் சுற்றி அரிப்பும் வெடிப்பும் இருக்கிறது. கண் இமைகளும் அடிக்கடி வீங்குகின்றன. ஜெல்லைப் பிய்த்து எடுத்ததில் நகம் காகிதம்போல் ஆகிவிட்டது. ஒரு நகத்தில் பச்சை நிறம் தெரிகிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் அரிப்பு நிற்கிறது, விட்டால் மறுபடி வருகிறது.
– மாணவி, மதுரை

பதில்: விரலில் அரிப்பும் இமையில் வீக்கமும் சேர்ந்து வந்தால், ஜெல்லிலுள்ள அக்ரிலேட் வகை இரசாயனங்களுக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஜெல்லை இறுகவைக்கும் விளக்கின் கீழ் முழுமையாக இறுகிய ஜெல்லால் தொல்லை குறைவு. இறுகாத ஜெல் தோலில் படும்போதுதான் உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. ஒரு நிறுவனத்தின் ஜெல்லை இன்னொன்றின் விளக்கில் காட்டுவதும், வீட்டில் வாங்கி வைத்து அவசரமாகப் பூசுவதும் இதற்கு வழி செய்கின்றன. சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை மூலம் இதை உறுதி செய்யலாம். உறுதியானால் ஜெல், அக்ரிலிக் நகங்களை வாழ்நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். பிற்காலத்தில் பல் அடைக்கும்போதும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின்போதும் இந்த ஒவ்வாமையை மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கும் இதே குடும்பத்து இரசாயனங்கள் பயன்படுகின்றன.

பச்சை நிறம் பூஞ்சையல்ல. நகம் படுகையிலிருந்து தூக்கிக்கொண்ட இடத்தில் ஈரம் தேங்கி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்வதன் அடையாளமாக இருக்கலாம். தளர்ந்த நகத்தை வெட்டி, உலர வைத்து, அதற்குரிய சொட்டு மருந்து போட்டால் சரியாகும். மேலே பூச்சைப் பூசி மறைத்தால் ஈரம் உள்ளேயே இருந்து வளர்ந்துகொண்டே போகும். கடைக்காரர் கொடுத்தது பெரும்பாலும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பாக இருக்கும். அரிப்பை அடக்கிவிட்டு நோயை வளரவிடும் இந்தக் கலவைக் களிம்புகளால் நம் நாட்டில் படர்தாமரையே அடங்காத நோயாகிவிட்டது. அதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மெலிந்த நகத்துக்கு மருந்து காலம்தான். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும்; ஆறு மாதத்தில் புது நகம் வந்துவிடும்.

இன்னொன்று: நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிபவர்கள் செயற்கை நகம் வைத்திருக்கக் கூடாது, இயற்கை நகமும் நுனியில் அரை சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டுதல் சொல்கிறது. கழுவினாலும் நகத்தின் அடியில் கிருமி தங்குவதே காரணம்.

கேள்வி: காயத்துக்கு ஆன மருத்துவச் செலவை அழகு நிலையத்திடம் கேட்க முடியுமா?
– வாசகி, வேலூர்

பதில்: முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம்; 5 இலட்சம் ரூபாய் வரையிலான சேவைகளுக்குக் கட்டணமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பாருங்கள். பணம் கட்டிய ரசீது, தேதியோடு எடுத்த புகைப்படங்கள், எதனால் காயம் ஏற்பட்டது என்று மருத்துவர் எழுதிய சீட்டு ஆகிய மூன்றும் இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். எனவே மருத்துவரிடம் முதல் நாளே அழகு நிலையத்தைப் பற்றிச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

கேள்வி: சிறிய ஊரில் ஐந்து ஆண்டுகளாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கருவிகளை டெட்டால் கலந்த தண்ணீரில் போட்டெடுத்து, நீல விளக்குப் பெட்டியில் வைக்கிறேன். இது போதுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இப்படிக் கேட்கும் உரிமையாளர்கள் அதிகமில்லை என்பதால் உங்களைப் பாராட்டத் தோன்றுகிறது; ஆனாலும் போதாது. டெட்டால் நீரில் சில நிமிடங்கள் கிடப்பதால் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. நீல விளக்கின் ஒளி படும் பரப்பில் மட்டுமே ஓரளவு வேலை செய்யும். தோலை வெட்டும் நிப்பரின் கீலுக்குள் ஒட்டியிருக்கும் இரத்தத்துக்கு அந்த ஒளி போகாது. அந்தப் பெட்டி, சுத்தம் செய்த கருவிகளைத் தூசி படாமல் வைக்க உதவும், அவ்வளவுதான்.

உலோகக் கருவிகளை ஒருவருக்குப் பயன்படுத்தியதும், கையுறை அணிந்து, கீலைத் திறந்து, சோப்பும் தூரிகையும் கொண்டு ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். அழுக்கு இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் அடியில் போகாது. பிறகு பிரஷர் குக்கரைப் போலவே நீராவியின் அழுத்தத்தில் இயங்கும் சிறிய ஆட்டோகிளேவில், 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடங்கள் வைத்தெடுங்கள். ஒரே செட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஒரு நாளில் வருபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செட்டுகள் வேண்டும். செலவுதான், ஆனால் முகூர்த்த நாளில் அவசரப்பட்டுத் துடைத்தெடுக்கும் பழக்கம் அதனால் ஒழியும். மரக்குச்சி, அட்டை அரம், நகத்தை மெருகேற்றும் பஃபர், பியூமிஸ் கல் ஆகியவற்றை நம்பும்படி கிருமி நீக்க முடியாது. பயன்படுத்தியதும் எறிந்துவிடுங்கள், அல்லது வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள்.

கால் ஊறவைக்க, நீரைச் சுழற்றும் தொட்டியைவிடச் சாதாரண பேசின் மேல். ஒவ்வொருவருக்கும் பிறகு சோப்பால் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் 10 நிமிடங்கள் ஊறவிட்டு உலர்த்துங்கள். சுழல் தொட்டிதான் வேண்டுமென்றால், சல்லடையைக் கழற்றித் தேய்ப்பதும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலையே. நகக்கண்ணின் தோலை ஊறவைத்து மெல்லத் தள்ளிவிடலாம். வெட்டச் சொல்லி வாடிக்கையாளரே வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். உட்காரும்போதே சர்க்கரை நோய் இருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள்.

உங்களிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் உங்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் இரத்தம் தினமும் படக்கூடியது அவர்கள் விரல்களில்தான்.